உங்களால்தான்

பெரிய கடைவீதியில் ஒரு கைலிக்கடையில் வேலை பார்த்த பரக்கத் அலி ருஷ்ய மொழி படித்ததை ஊரே கிண்டல் செய்தது. அரபி படித்தாலாவது மறுமைக்கு உதவும் என்றார் கடை முதலாளி. பரக்கத் அலி சிரித்து மழுப்பிவிடுவார். காரணத்தை வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம். காரணம் அவருடைய மனைவி ஜஹானாரா.

கல்யாணமாகி மறுவருஷமே அவள் முசிறிக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பரக்கத் அலியின் அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு சேலையைக் கட்டி மறைத்துத் தன் மகள் குடித்தனம் நடத்துவதை அவளுடைய அத்தா சேக் மைதீன் பார்த்துவிட்டார். முசிறியில் வாழைமண்டி வைத்திருந்த மனிதர். "நிலையா ஒரு வேலை, தனியா ஒரு வீடு. பாத்துட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டார். அறுபதுகளின் தொடக்கம் அது. ருஷ்யர் உதவியோடு கட்டும் மின்நிலையத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை, குடியிருக்க வீடும் உண்டு என்று பேப்பரில் வந்தது. பரக்கத் அலி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

புத்தகக் கண்காட்சியில் வாங்கிய பாடப்புத்தகம்தான் வாத்தியார். 'பதமுஷ்தா' என்றால் ஏனென்றால். 'பஏதமு' என்றால் ஆகையால். மழை, பஏதமு வியாபாரமில்லை என்று கைலி மடித்தபடியே முணுமுணுப்பார். அடுத்து இஸ்-ஸா, பிளகதார்யா என்று இரண்டு சொற்கள் வந்தன. இரண்டுக்கும் தமிழில் 'ஆல்' என்றே எடுத்துக்கொண்டார். மழையால் பயிர் பிழைத்தது என்கிறோம், மழையால் பயிர் அழிந்தது என்றும் சொல்கிறோம். நமக்கு எல்லாம் ஒரே ஆல்தான். வாய்க்குச் சுலபமான இஸ்-ஸாவே போதுமென்று இருந்துவிட்டார், பாவம்.

கன்டோன்மென்ட் பங்களா ஒன்றில் தேர்வு நடந்தது. ஒரு ருஷ்ய எஞ்சினியரும் சென்னையிலிருந்து வந்த தமிழ் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். "உங்களால்தான் எங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது. இதை அவர்கிட்டே சொல்லுங்க" என்றார் அதிகாரி. பரக்கத் அலி நெஞ்சில் கைவைத்து 'இஸ்-ஸா வாஸ்' என்று ஆரம்பித்தார். எஞ்சினியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நன்றி சொல்லச் சொன்னா பழி சொல்றீங்களே" என்றார் அதிகாரி. "பிளகதார்யான்னா உங்க புண்ணியத்தால. இஸ்-ஸான்னா உங்க தப்பால. மெஷினைச் சரிசெஞ்சவனை நீங்க உடைச்சவனா ஆக்கிடுவீங்க. வேணாங்க, போயிட்டு வாங்க."

நேரே சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் முசிறி பஸ் ஏறினார். நடந்ததை ஜஹானாராவிடம் ஒளிக்காமல் சொன்னார். அடுத்த தடவை வேலை தப்பாமல் கிடைத்துவிடும் என்றார். அவள் அழக்கூட இல்லை.

"அடுத்த தடவை வேணாங்க. ஜமாத்துல சொல்லிப் பிரிச்சு விட்டுரதுன்னு அத்தா முடிவு பண்ணிட்டாங்க. நானும் சரின்னுட்டேன். இங்க எல்லாரும் என்னை வாழாவெட்டிங்கறாங்க. உங்களாலதான்."

திரும்பும் பஸ்ஸில் அவர் அந்தக் கடைசிச் சொல்லை ருஷ்ய மொழியில் மாற்றிப் பார்த்தார். இஸ்-ஸா வாஸ். இந்த முறை சொல் சரியாகப் பொருந்தியது.

அதற்குப் பிறகும் பல வருஷம் அதே கடையில்தான் கைலி மடித்தார். "உங்களாலதான் பாய் நல்ல கைலியா கிடைச்சுது" என்று யாராவது மனம் குளிர்ந்து சொன்னால், "அப்படிச் சொல்லாதீங்க" என்பார். ஏனென்று யாரும் கேட்டதில்லை.