நடுங்கிய வண்டிக்குப் பூசை

இக்னிஷன் காயில் மாற்ற வேண்டிய வண்டிக்கு நான் மாதக்கணக்கில் பூசை கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கிறவன், கூட்டங்களில் பகுத்தறிவைப் பற்றி மைக்கை விடாமல் பேசுகிறவன், ஞாயிறு பூசைக்கே பிரசங்கம் முடிகிற நேரம் பார்த்துப் போய்ப் பின்னால் நிற்கிறவன். அப்படிப்பட்ட நான் சர்ச்சின் பங்கு அலுவலகத்துக்குப் போய், இறந்துபோன அண்ணனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். உண்மையில் கொடுத்தது அவருடைய வண்டியின் நடுக்கத்துக்காக. இதை வேறு யாராவது செய்திருந்தால் அவரை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருப்பேன்.

அண்ணனுடையது பெட்ரோலில் ஓடும் பழைய எஸ்யூவி. இரண்டரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. விற்றுவிடச் சொன்னவர்களிடம், "வயசாயிடுச்சுன்னு உங்க மாமனாரை வித்துட்டீங்களா?" என்று கேட்பார். வண்டியை நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்ப மாட்டார். இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். எந்த பெல்ட் முனகுகிறது, எது தேய்கிறது என்று பார்க்கிறாராம். என் பேச்சை அவர் ஒருநாளும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

இந்த வருடத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நொச்சிக்குப்பம் ரோட்டோரத்தில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வந்து, சாந்தோமில் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவர், அப்படி உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. அண்ணிதான் வெளியே வந்து பார்த்து, கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வண்டி என்னிடம் வந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். அண்ணிக்கு ஓட்டத் தெரியாது. அதில் ஏறவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அபிராமபுரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்க நிழல் இருந்தது. அது ஒன்றுதான் என் தகுதி. அண்ணன் என்னைவிட நல்ல உயரம். சீட்டை முன்னால் இழுத்தால் அவர் உட்கார்ந்த இடம் கலைந்துவிடும் என்று இழுக்கவே இல்லை. முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து, கால் நுனியால் கிளட்சை எட்டி எட்டி மிதித்து ஓட்டினேன்.

முதல் நாளே லஸ் சிக்னலில் அது வந்தது. வண்டி நின்றதும் இன்ஜின் ஒரு கணம் தயங்கி, குடுகுடுவென்று நடுங்கி, அடங்கியது. மறுபடி நடுங்கியது. கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையின் சிலுவை தானாக ஆடியது. அண்ணன் முக்கியமாக எதையாவது சொல்லுமுன் தொண்டையைச் செருமுவார். அதே கனம், அதே இடைவெளி. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் ஒன்றுமில்லை.

நின்றால் வரும், ஓடினால் போய்விடும். ஏசி போட்டால் தெளிவாக வரும். மழை பெய்த மறுநாள் மிகத் தெளிவாக வரும். தெருவில் போகிற யாரிடம் சொல்லியிருந்தாலும் இன்ஜினைத் திறந்து பார்க்கச் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஞாபகம் வந்ததோ ஞானோபதேச வகுப்பு. உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஆத்துமாக்கள், தங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி உயிரோடிருப்பவர்களைத் தட்டிக் கூப்பிடும் என்று அரை டிராயர் வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு படித்த புத்தகங்கள் எல்லாம் லஸ் சிக்னலில் என்னைத் தனியே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டன. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று வேறு எரியத் தொடங்கியது. கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரிகிற அணையா விளக்கைப் போல அதையும் மரியாதையோடு பார்த்துக்கொண்டேன்.

பங்கு அலுவலகத்தில், யாருக்காகப் பூசை என்று நோட்டில் எழுதிக்கொள்கிறவர் ஒருநாள் பேனாவை நிறுத்திவிட்டார்.

"சார், போன மாசம்தானே குடுத்தீங்க?"

"ஆமா."

"அதுக்கு முந்தின மாசமும்?"

"ஆமா."

"உங்க அண்ணன் அவ்ளோ மோசமில்லையே சார். எங்களுக்கெல்லாம் கிறிஸ்மஸ் கேக் குடுப்பாரே."

பூசை முடிந்த வாரம் வெயில் கொளுத்தியது. நடுக்கம் நின்றது. என் விசுவாசம் ஓங்கியது. பிறகு ஒரு நல்ல மழை பெய்தது. நடுக்கம் திரும்பியது. வெளியே சொல்ல முடியாத விஷயம், அது திரும்பியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேண்டிக்கொண்டது அவர் கரையேற வேண்டுமென்று. விரும்பியதோ அவர் அடுத்த சிக்னலுக்கும் வர வேண்டுமென்று. சிவப்பு விழட்டும் என்று வேகத்தைக் குறைப்பேன். தி. நகரில் பனகல் பார்க் நெரிசலை வேண்டி விரும்பித் தேடிப் போன மனிதன் அநேகமாக நான் ஒருவன்தான். அடையாறு பாலத்தில் மாட்டிக்கொண்ட ஒரு மாலை முழுக்க அவரிடம் அரசியல் பேசினேன். உயிரோடிருந்தபோது நடக்காத அதிசயமாக, என்னை மறுக்காமல் செருமிக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு, கோயில் வளாகத்தில் அண்ணியிடம் உளறிவிட்டேன். கல்லறைத் திருநாள் வரப்போகிறது, அண்ணனுக்கு முதல் வருடம், ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"அண்ணி, அண்ணன் இன்னும் வண்டியிலதான் இருக்காரு. சிக்னல்ல நின்னா பேசறாரு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நேராக வண்டியிடம் போய், முன்கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்தார். அண்ணன் இறந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் ஏறினார்.

"ஓட்டுங்க தம்பி. நானும் கேக்கறேன்."

சாந்தோம் நெடுஞ்சாலை சிக்னலில் நின்றோம். முந்தின நாள் மழை. அண்ணன் ஏமாற்றவில்லை. குடுகுடு. நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். அண்ணி கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்தார்.

"இது அப்பவே இருந்துச்சு தம்பி."

"எப்ப அண்ணி?"

"அன்னிக்கு. சமையக்கட்டுல இருந்தேன். வண்டி வந்து நின்னுச்சு. அப்புறம் இந்தச் சத்தம் வந்துச்சு. சரி, வண்டிக்கு என்னவோ, காது குடுத்துக் கேட்டுக்கிட்டிருக்காருன்னு விட்டுட்டேன். அவரு எப்பவும் அப்படித்தானே? சாதம் வடிச்சேன். புளி கரைச்சேன். மீன் வரட்டும்னு மெதுவா மசாலா அரைச்சேன்."

"டாக்டர்தான் சொன்னாரே, ஒரு நொடியில போயிருக்கும்னு."

"அதை எல்லார் வீட்லயும்தான் சொல்லுவாங்க." பிடியை விடாமல் சொன்னார்: "உங்களுக்கு இது அண்ணனா இருக்கலாம். எனக்கு இது நான் வெளிய வராம இருந்த நேரம். தினமும் என் காதுக்குள்ள கேக்குது. கல்லறைத் திருநாளுக்கு அவரு வண்டியிலதான் போகணும்னு ஆசை. ஆனா இந்தச் சத்தத்தோட என்னால முடியாது. நிறுத்திக் குடுங்க."

பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஒரே சத்தத்தை இத்தனை நாள் நான் தாலாட்டாகவும் அவர் தண்டனையாகவும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாளே மந்தைவெளியில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அண்ணி கூடவே வந்து, ஷெட் வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா சார், வண்டி இப்டி ஆடிக்கினு கீது? இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த?"

நான் வாய் திறக்குமுன் அண்ணி சொன்னார்: "பூசை குடுத்தாரு."

"அதுவும் நல்லதுதாம்மா," என்றார் அவர், ஒன்றும் ஆச்சரியப்படாமல்.

முதலில் பெட்ரோல் பங்கைத் திட்டினார். பிறகு இன்ஜினுக்குக் காற்று போகும் வழியைக் கழட்டிக் கழுவினார். நடுக்கம் போகவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டினார். குழிக்குள் ஆயில் கசிந்து ஒரு பிளக் ஊறிப்போயிருந்தது. கேஸ்கட்டையும் பிளக்குகளையும் மாற்றினார். அப்போதும் போகவில்லை. "அடம் புடிக்கிது நைனா," என்று தலையைச் சொறிந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு துரோகமான நம்பிக்கை துளிர்த்தது: அண்ணன் போக மாட்டார்.

பிறகு அவர் பிளக்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும் காயில்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப்போட்டுப் பார்த்தார். ஒரு காயில் எந்தச் சிலிண்டருக்குப் போனாலும் கோளாறும் கூடவே போனது. அதைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். உள்ளங்கை நீளத்தில் ஒரு கறுப்புக் கட்டை. ரப்பர் உறையில் மயிரிழை போல ஒரு விரிசல். வெதுவெதுப்பாக இருந்தது. அடையாறு பாலத்தில் நான் அரசியல் பேசியது இதனிடம்தான்.

"மத்ததும் அதே வயசு சார். எல்லாத்தியும் மாத்திடு."

உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் நானே வாங்கி வந்தேன். புதியவற்றைப் பொருத்திச் சாவியைத் திருப்பியதும், வண்டி ஓடுகிறதா என்றே தெரியவில்லை. பானட்டின் மேல் கையை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அண்ணி ஸ்டூலைவிட்டு எழுந்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். அவர் கேட்டது எதையும் அல்ல, எதுவும் இல்லாததை. "போதும்," என்றார்.

கல்லறைத் திருநாளன்று மடியில் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியுமாக அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழியில் சிக்னல் விழுந்தது. கால் நுனி கிளட்சைச் சரியாக எட்டாமல், ஒரு குலுக்கலோடு நின்றோம். சத்தமில்லை, அசைவில்லை, இதயம் துடிப்பதைப் போன்ற ஒரு சிறு அதிர்வுகூட இல்லை. அப்படியொரு அமைதியை அந்த வண்டியில் நான் அறிந்ததில்லை. போய்விட்டார் என்று புரிந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். கண்ணீர் வழிந்தது.

"அண்ணி, அண்ணன் நிம்மதியா அடங்கிட்டாரு," என்றேன்.

அண்ணி என் தோளைத் தட்டினார்.

"அண்ணன் இல்ல தம்பி, வண்டி அணைஞ்சு போச்சு. பச்சை விழுந்து எவ்ளோ நேரமாச்சு, பின்னாடி பஸ்காரரு உங்களைத்தான் திட்டறாரு."