புள்ளி இருக்கா?

கௌசல்யாவின் வேனில் எந்தப் பிள்ளை ஏறினாலும் சரி, சோதனை முடிந்த வாரத்தில் அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கதவை இழுத்துச் சாத்தக்கூட விடமாட்டாள். "கணக்குல எத்தனை புள்ளி?" நல்ல மார்க்கு வாங்கின பிள்ளைக்கு முன்சீட்டு. கோட்டை விட்டவனுக்குப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் ஏச்சு. பெற்றவர்கள் வேனுக்குத்தான் காசு கொடுத்தார்கள், ஏச்சு இலவசம்.

கிள்ளானில் வேன் ஆன்டி என்றால்தான் அவளைத் தெரியும். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டியவர், அவரிடம்தான் வண்டி பழகினாள். இளவயதில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, அதே கடையில் கணக்குப் பார்த்த வைரவனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். வைரவன் செட்டியார் வீட்டுப் பிள்ளை. இவள் இல்லை. கல்யாணத்துக்கு அவர் பக்கத்திலிருந்து ஒரு காக்கா குருவிகூட வரவில்லை. "அவங்க என்னை ஒதுக்கல கௌசி, நான்தான் அவங்கள ஒதுக்கிட்டேன்" என்றார் மாப்பிள்ளை. கேட்க எவ்வளவு கம்பீரமாக இருந்தது! அவளும் அதை அப்படியே நம்பிக்கொண்டு குடும்பம் நடத்தினாள்.

மனுஷன் அதற்கப்புறமும் கம்பீரமாகவே இருந்தார். அதனால் ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை. முதலாளி ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிட்டால் போதும், "நாங்க எப்பேர்ப்பட்ட ஆளுங்க தெரியுமா?" என்று துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். இப்போது ஒரு சிநேகிதரின் ஹார்ட்வேர் கடையில் அரைநாள் உட்கார்ந்திருக்கிறார். ஆணி விற்கிறார் என்று சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். "கடையைப் பாத்துக்கிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். வேன் ஓடியதால் வீடு ஓடியது, அவ்வளவுதான் சங்கதி.

ஒரே மகள் வைஷ்ணவி. பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவத்தில் நாலுக்கு நாலு வாங்கினாள். ஃபார்மசி படிக்கவேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஒரே பிடி. அரசாங்கப் பல்கலைக்கழகம் அவளுக்கு என்ன கொடுத்தது தெரியுமா? கடல் தாண்டிச் சபாவில் வேளாண்மை. "செம்பனை மரத்துக்கா மருந்து குடுக்கப் போறே?" என்று கௌசல்யா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை, அழுகைதான் வந்தது. ஆனால் சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரி இருந்தது. கண்டவர்களையும் எடுக்கிற இடம் இல்லை. நேர்முகம் வைத்து, வடிகட்டி, ஒரு வகுப்புக்கு மட்டும் ஆள் எடுக்கிற இடம். அங்கே வைஷ்ணவி தேறிவிட்டாள். கல்லூரியே பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. கல்விக் கடன் இன்னொரு கால்பங்கைப் பார்த்துக்கொள்ளும். மிச்சம் ஒரு கால். அந்தக் கால்தான் காலை வாரிவிட்டது.

வேனை விற்கலாமா என்று பார்த்தாள். பழைய வண்டிக்குக் கேட்ட விலையில் ஒரு வருஷம்கூடத் தாண்டாது, அப்புறம் எதை ஓட்டிச் சாப்பிடுவது? நகை எல்லாம் ஆறாம் படிவ டியூஷனிலேயே கரைந்திருந்தது. கட்சி ஆபீஸுக்குப் போனாள், படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இனி யார் இருக்கிறார்கள்? அப்போதுதான் மூத்தாரின் ஞாபகம் வந்தது.

வைரவனின் அண்ணன் சோமசுந்தரம் பிரிக்ஃபீல்ட்ஸில் பெரிய ஆள். செட்டியார்மார் தங்கள் ஆட்களுக்கென்று ஒரு கல்வி நிதி வைத்திருந்தார்கள், அதற்கு அவர்தான் தலைவர். புருஷனிடம் சொன்னால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும் என்று அவள் யாரிடமும் சொல்லாமல் போன் போட்டாள். வேனை டோல் சாவடிக்குப் பக்கத்தில் ஓரம் கட்டிவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ நேரில் நிற்கப்போகிறவள் மாதிரி பேசினாள். மகள், மார்க்கு, கல்லூரி, மிச்சக் கால்பங்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். தன் வீட்டுப் பெண்களை ஆச்சி என்று கூப்பிடுகிறவர், இவளைக் கூப்பிட்டது 'ஏம்மா' என்று. அதையெல்லாம் கவனிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

"இந்தா பாரும்மா. நம்ம நிதிக்கு ஒரே ஒரு விதிதான். புள்ளி இருந்தா யாரையும் வெறுங்கையா அனுப்ப மாட்டோம். புள்ளி இருக்கா?"

"ஐயோ மாமா, இருக்கு மாமா! முழுப் புள்ளி! நாலுக்கு நாலு!"

"இருக்கா?" என்று இன்னொரு தரம் கேட்டார் அவர். பிறகு, "சரிம்மா, வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. பொண்ணைக் கூட்டிக்கிட்டு வா" என்று வைத்துவிட்டார்.

பாவி, அவர் கேட்டது அந்தப் புள்ளியே இல்லை! செட்டியார் வீடுகளில் புள்ளி என்றால் ஆள் கணக்கு. கல்யாணமான ஆண்பிள்ளையும் அவன் குடும்பமும் சேர்ந்து ஒரு புள்ளி. கோயிலில் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வாங்குவார்கள். உன்னிடம் வாங்கினால்தான் நீ அவர்களில் ஒருத்தன். வெளியில் கட்டிக்கொண்டவனிடம் வரி கேட்டு யாரும் வரமாட்டார்கள். வரி கேட்க ஆள் வரவில்லையே என்று ஒரு மனுஷன் ஏங்குகிற இடம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். தர முடியாது என்றுதான் நாசூக்காகச் சொல்லியிருந்தார் மூத்தார். பள்ளிப் பிள்ளைகளோடு நாள் முழுக்கப் புள்ளி புள்ளி என்று கத்துகிறவள் காதில் அது சத்தியமாக விழுந்தது.

அன்றைக்கு மீன்குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். "கோவப்படாதீங்க. உங்க அண்ணன்கிட்ட பேசிட்டேன். புள்ளி இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னேன். புள்ளி இருந்தா வெறுங்கையா அனுப்ப மாட்டோம்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு. நல்ல மனுஷன்தான், நீங்கதான் சும்மா முறைச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

வைரவன் பிசைந்த சோற்றிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார். மகள் அவர் முகத்தையே பார்த்தாள். "ம்" என்றார். அப்புறம் அப்பளம் கேட்டார்.

கல்லூரியில் ஒரு கண்டிஷன் வைத்திருந்தார்கள். அரசாங்க இடத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத் தள்ளுபடி கிடையாது, அதை வேண்டாம் என்று சொன்னதற்கு அத்தாட்சி அனுப்பவேண்டும். கெடுவோ வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே முடிந்துவிடும். கௌசல்யா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நிற்கும்போதே மகளுக்குப் போன் போட்டாள். "சபாவை ரிஜெக்ட் பண்ணிடு லா. எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழுவணும்?" மத்தியானம் மகளிடமிருந்து பதில் வந்தது, முடிந்துவிட்டது என்று. கௌசல்யா அன்று சரியாகப் புள்ளி வாங்காத பையன்களைக்கூட ஏசவில்லை. வேனிலிருந்த அத்தனை பேருக்கும் ஐஸ் வாங்கிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, வைஷ்ணவிக்கும் சுடிதார் தேய்த்துக் கொடுத்து, பிரிக்ஃபீல்ட்ஸில் மூத்தார் வீட்டுக்குப் போனாள். வைரவன் வரவில்லை. கடையில் சரக்கு வருகிறதாம். பார்க்கிங் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்து, வேர்த்து விறுவிறுத்துத்தான் மாடியேறினார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் சோமசுந்தரமும் இன்னும் இரண்டு பேரும். வைஷ்ணவியின் சான்றிதழை வாங்கிப் பார்த்தார்கள். "பிரமாதம்" என்றார் கண்ணாடி போட்டவர். கௌசல்யாவுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்ததாக அவர் கேட்டார்: "எந்தக் கோயில்?"

அவர் கேட்டது குலத்துக் கோயில். கௌசல்யாவுக்கு அது எங்கே தெரியப்போகிறது! "வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற மாரியம்மன் கோயில்தான் சார். வெள்ளிக்கிழமை தவறாது" என்றாள் பவ்யமாக.

மூன்றாவது ஆள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கண்ணாடிக்காரர் தலைவரைப் பார்த்தார். "யாரு அண்ணே இவங்க? புள்ளி இருக்குன்னுல்ல சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? அவங்க சொன்னாங்க." சோமசுந்தரம் குரலை உயர்த்தவே இல்லை. "வைரவனோட சம்சாரம். அவன் பேரை அவன் கல்யாணத்தப்பவே எடுத்தாச்சு. இந்தாம்மா, போன்ல நீ இருக்குன்னு அடிச்சுச் சொன்னே. ஒருவேளை எனக்குத் தெரியாம ஊர்க்கோயில்ல சேத்துக்கிட்டாங்களோன்னுதான் வரச் சொன்னேன்."

"பேரா? எந்தப் பேரு மாமா? மார்க்குப் புள்ளிதானே கேட்டீங்க?"

அப்புறம்தான் கண்ணாடிக்காரர் விளக்கினார், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, ஒவ்வொன்றாக. புள்ளி என்றால் என்ன, வரி என்றால் என்ன, யார் உள்ளே, யார் வெளியே. சிரித்தவர் கடைசியில் சொன்னார்: "பொண்ணுக்குப் புள்ளி இருக்கு, அப்பனுக்குத்தான் இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். மோசமான ஆட்கள் என்று சொல்ல முடியாது, நல்ல பேச்சைக் கேட்டால் சிரிக்கத்தானே செய்வார்கள். கௌசல்யா முகத்தில் ஈயாடவில்லை.

"சபாவுல கிடைச்சதை விட்டுட்டோம் மாமா. உங்க வார்த்தையை நம்பித்தான் விட்டோம். பிள்ளைக்கு இப்ப எதுவுமே இல்லை. கால்பங்குதான் மாமா. கடனாவாவது குடுங்க, வேன் ஓட்டிக் கட்டிடுறேன்."

"விதியை ஒருத்தருக்காக மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா."

"உங்க தம்பி ரத்தம் மாமா அது!"

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் சோமசுந்தரம். "விசாலம், இவங்களுக்கு இலை போடச் சொல்லு."

கீழே அவர் மனைவி விசாலம் ஆச்சி நிஜமாகவே பரிவாகத்தான் பரிமாறினாள். வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி. இன்னொன்று வைத்துக்கோ, பிள்ளை இளைத்துக் கிடக்கிறதே என்று இலையில் தள்ளிக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று எழுந்துவிட கௌசல்யாவுக்குத் தெம்பில்லை. தின்றாள். அதை நினைத்து அவள் பின்னால் பட்ட அவமானம், மேலே பட்டதைவிடப் பெரிது. பணத்துக்குப் போய் நின்று பணியாரம் தின்றுவிட்டு வந்தோமே என்று பல நாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் வண்டி ஊர்ந்தது. கௌசல்யாதான் பேச்சை ஆரம்பித்தாள். "பாவம்டி உங்கப்பா. பேரை எடுத்தது அவருக்கே தெரிஞ்சிருக்காது. சொன்னா உடைஞ்சு போயிடுவாரு. மெதுவாத்தான் சொல்லணும்."

"அவருக்குத் தெரியும்மா."

"என்னடி உளர்றே?"

"ரிஜெக்ட் பண்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேட்டேன். நீங்க வேன்ல இருந்தீங்க. அன்னிக்கு சாப்பிடறப்ப அவர் முகமே சரியில்லை, அதான் கேட்டேன். அப்பா, பெரியப்பா கண்டிப்பா குடுப்பாங்களா, ரிஜெக்ட் பட்டனை அமுக்கவான்னு. வெளியே போய் நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. உள்ள வந்து, அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், அமுக்குன்னாரு. அழுதிருந்தாரும்மா. எனக்காக சந்தோஷத்துல அழறாருன்னு நெனச்சேன்."

கௌசல்யா வண்டியை ஓரம் கட்டவில்லை. ஓட்டினாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஒரு வார்த்தை! அது வேற புள்ளி கௌசின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பிள்ளை சபாவுக்காவது போயிருப்பா!"

வைரவன் மறுக்கவில்லை. "எப்படிச் சொல்வேன்? நான்தான் அவங்கள ஒதுக்கினேன்னு உன்கிட்ட சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். பிள்ளை வேற பக்கத்துல இருந்தா" என்றார். "அண்ணன் ஒருவேளை மனசு மாறிக் குடுத்துடுவாரோன்னு நெனச்சேன்" என்றும் சொன்னார். அந்த இரண்டாவதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு கௌசல்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளின் படிப்பை வைத்து, தன்னை அண்ணன் சேர்த்துக்கொள்கிறாரா என்று பார்த்திருக்கிறார் மனுஷன்.

பணம் கட்டுகிற கெடுவைக் கல்லூரி நீட்டவில்லை. சபாவுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டுப் பார்த்தார்கள், இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. அடுத்த வருஷம் மறுபடி முயற்சி செய்யலாம், யார் வேண்டாம் என்றது, கிடைக்கும்போதல்லவா பார்க்கவேண்டும். வைஷ்ணவி ஷா ஆலமில் ஒரு பேரங்காடி மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மருந்தைத் தொட அவளுக்கு அனுமதி கிடையாது. வைட்டமின், ஷாம்பு, பேபி நாப்கின், அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்துத் தெருக்காரர் யுகேந்திரன் வீட்டுக் கல்யாணம். மூன்று பேரும் போயிருந்தார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் வைரவனைக் கேட்டார். "மக என்ன பண்றா அண்ணே? நல்லா படிக்கிற பிள்ளையாச்சே."

வைரவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பழைய கம்பீரம் எங்கிருந்தோ வந்துவிட்டது. "ஃபார்மசியில இருக்கா" என்றார்.

"அட, பரவால்லையே! ஃபார்மசியா? சும்மா கிடைக்காது லா!"

"எங்க ஆளுங்களுக்குப் படிப்பு தன்னால வரும்" என்றார் வைரவன்.

எதிர் இலையில் இருந்த கௌசல்யா கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டாள். பந்தி முழுக்கக் கேட்கிற குரலில், வேனில் பிள்ளைகளை ஏசுகிற அதே குரலில் சொன்னாள். "ஃபார்மசில இல்லைங்க. ஃபார்மசி கடையில கல்லாவுல நிக்கிறா. நாப்கின் விக்கிறா. இவரோட ஆளுங்க இவரை எப்பவோ தூக்கி எறிஞ்சுட்டாங்க, அதை வீட்டுல சொல்ல வெக்கப்பட்டு என் பிள்ளை படிப்பைக் கெடுத்தாரு. நல்லா கேட்டுக்குங்க."

பரிமாறுகிறவன் ரசவாளியோடு அப்படியே நின்றுவிட்டான். வைரவன் இலையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. கௌசல்யா மகளைத் திரும்பிப் பார்த்தாள், அவளுக்காகத்தான் இதைச் சொன்னோம் என்று. வைஷ்ணவியின் முகம் வெளுத்திருந்தது. அந்த மண்டபத்தில் அவளோடு ஆறாம் படிவம் படித்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். கடையில் வேலை செய்வதை அவள் அவர்களில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"எனக்கு ஷிப்ட் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, பாதி இலையோடு அவள் எழுந்து கை கழுவப் போனாள்.