சித்தியும் தொண்ணூற்றொன்பதும்

செய்தித்தாளின் எதிர்காலம் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. வேறு யாருமில்லை, என் சித்திதான்.

இருபது வருடமாகப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவள். காலமானார் பக்கம் முழுக்க அவள் பொறுப்பு. ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. வாங்கிப் படிக்கிறவர்கள் குறைந்துபோய், பேப்பர் செல்போனுக்குள் குடிபோனபோது ஒரு ஸ்டார்ட்அப் வந்தது. ஆறு பையன்கள், ஒரு காபி மெஷின். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத ஒருவன்தான் தலைவன். அவர்களுக்கு மூன்றாவது மாடி வேண்டியிருந்தது. அங்கே சித்தியின் மேஜை இருந்தது. அதனால் சித்தி ஒரு லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள்.

வேலை சுலபம். வீட்டார் செல்போனில் நிரப்பி அனுப்பும் படிவத்தைப் பார்த்து மெஷின் காலமானார் செய்தி எழுதும். சரியென்றால் சித்தி பச்சையைத் தட்ட வேண்டும், தப்பென்றால் சிவப்பைத் தட்டித் திருத்த வேண்டும். ஒரு நிமிடம் எதையும் தட்டாவிட்டால் பச்சை என்று அதுவே எடுத்துக்கொள்ளும்; ராத்திரி வெளியாகும் வரை திறந்து மாற்றலாம். திரையின் மூலையில் ஓர் எண். கடைசி நூறில் எத்தனை திருத்தமில்லாமல் போனது என்ற கணக்கு. அது தொண்ணூற்றொன்பதைத் தொட்டால் மெஷின் தனியாக நடக்கும், சித்தி வீட்டில் இருக்கலாம். ஏற்கனவே வீட்டில்தானே இருக்கிறாள் என்று நான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. நாற்பத்தாறு வயதில் அடுத்தவர் வீட்டுச் சாவைத் தவிர வேறெதுவும் தெரியாதவளை எந்தக் கம்பெனி கூப்பிடும்?

திருத்தினால் மெஷின் கற்றுக்கொள்கிறது. எண் ஏறுகிறது.

"அப்ப திருத்தாதே," என்றேன். "கண்ணை மூடிட்டுப் பச்சையைத் தட்டு. பேப்பர் நாறட்டும், உன்னைத் தேடி ஓடி வருவாங்க."

"உன் வாயை வச்சிக்கிட்டு ஸ்கூல்ல எப்படிடி பத்து வரைக்கும் விட்டாங்க?" என்றாள்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் நாற்காலியில் ஆள் இல்லாவிட்டால் லேப்டாப் கேமரா மணியடிக்கும். சித்திக்கு மூன்று வாரமாகக் கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டரிடம் போய்வர முக்கால் மணி நேரம் வேண்டும். ஒரு மதியம் நான் அவளுடைய ஆபீஸ் விழாப் படத்தைப் பெரிதாக்கி, அட்டைப்பெட்டி மூடியில் ஒட்டி, நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் துண்டைச் சுற்றினேன். "போ, நான் பாத்துக்கறேன்."

கேமரா அட்டையைக் கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை. இருபது நிமிடம் கழித்துத் திரையில் செய்தி வந்தது: 'இன்று உங்கள் கவனம் மிகச் சிறப்பு.' சித்திக்கு ஒருநாளும் வராத பாராட்டு. விழுந்து விழுந்து சிரித்தேன். மூலையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தொண்ணூற்றைந்தாக இருந்தது தொண்ணூற்றெட்டு.

யாரும் தட்டாததெல்லாம் பச்சை. அதாவது மெஷின் சொன்னதெல்லாம் சரி. திருத்தினாலும் ஏறும், விட்டாலும் ஏறும்.

வீங்கிய கன்னத்தோடு வந்த சித்தி என்னைத் திட்டவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் தானாகப் போனதையெல்லாம் திறந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுப் படித்துக் காட்டினாள். இருபது வருடமாக அவள் அப்படித்தான். இழவு வீட்டுக்கு ஒரு முறையாவது வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் அச்சுக்கு விடமாட்டாள். ஸ்டார்ட்அப் அது தேவையில்லை என்றது. அவள் தன் சொந்த போனில் கூப்பிட்டாள்.

நான்காவது வீட்டில் ஓர் ஆண் எடுத்தார். சித்தி ஸ்பீக்கரில் போட்டு, இறந்தவர் பெயரையும் வயதையும் மெதுவாகப் படித்தாள்.

அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "அது நான்மா," என்றார்.

"சார்?"

"செத்தது எங்கப்பா. ஃபார்ம்ல பெயர்னு கேட்டிருந்துச்சு. என் பேரைப் போட்டுட்டேன் போல." கொஞ்சம் சிரித்தார். அப்புறம் அழுதார். சித்தி ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள். அவர் மூக்கைச் சிந்தி முடித்த பிறகு, "அப்பா பேரைச் சொல்லுங்க சார், எழுதிக்கறேன்," என்றாள்.

சிவப்பு. எண் ஒன்று இறங்கியது. நாங்கள் இருவரும் பிஸ்கட் பாக்கெட் பிரித்தோம்.

மறுநாள் காலை தொப்பிக்காரன் வீடியோவில் வந்தான்.

"மேடம், ஃபார்ம்ல இருந்ததைத்தானே மெஷின் எழுதிச்சு. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"போன் பண்ணேன் தம்பி."

"எல்லா வீட்டுக்குமா?"

"எல்லா வீட்டுக்கும்தான்."

அவன் தொப்பியைக் கழற்றினான். முதல் தடவையாக அவன் தலையைப் பார்த்தேன். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. "இது எங்களுக்குத் தோணவே இல்ல மேடம். போன்ல என்ன கேப்பீங்க, எப்படிக் கேப்பீங்கன்னு வரிசையா எழுதித் தாங்க. மெஷினையே கூப்பிடச் சொல்லிடலாம்."

கெட்டவனாக இருந்திருந்தால் திட்டவாவது சௌகரியமாக இருந்திருக்கும்.

"தப்புத் தப்பா எழுதிக் குடு சித்தி," என்றேன். "எடுத்ததும் ஜோக் சொல்லணும்னு எழுது."

"நான் தப்பா எழுதினா அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகாதுடி. உயிரோட இருக்கிற யாராவது பேப்பர்ல செத்துப்போவாங்க."

சாயங்காலம் வரை எழுதினாள். பதினொரு வரி. கேமராவுக்குத் தெரியாமல் அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து படித்தேன். முதல் வரி இதுதான்: 'அவர்கள் மூக்கைச் சிந்தி முடிக்கும் வரை பேசக் கூடாது.'

அனுப்பினாள்.

ஒன்பதாவது நாள் மதியம் எண் தொண்ணூற்றொன்பது ஆனது. திரையில் 'நன்றி' என்று வந்தது. செய்திகள் நின்றுவிட்டன. கேமராவின் பச்சை விளக்கு மட்டும் அணையவில்லை. எழுந்திருக்கலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் எழவில்லை. கைகள் மேஜைமேல், முகம் நேராக, மிகச் சிறப்பான கவனத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

பரண்மேல் கிடந்த அட்டை முகத்தை எடுத்துவந்து அவளுக்கும் கேமராவுக்கும் நடுவில் நிறுத்தினேன். அதன் மறைவில் சித்தி மூக்கைச் சிந்தினாள்.

எனக்கு நல்ல ஜோக் ஒன்று வாயில் வந்தது. அவள் முடிக்கும் வரை நான் பேசவில்லை.