பெட்டிக்கு வந்த கூட்டமும் தோசைக்கு வந்த கூட்டமும்

பரிமாறுகிறவனுக்குக் கையைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். ஓட்டலில் சாம்பார் வாளி தூக்கியவர்கள் யாராக இருந்தாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். எனக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சம். அதனால் இலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். யார் எத்தனை இட்லி சாப்பிட்டார், எதை ஒதுக்கி வைத்தார் என்பதெல்லாம் தப்பாமல் மனதில் நிற்கும்.

பெட்டி வந்தது

யுத்த காலத்தில் காரிமங்கலத்தில் ஒரு காபி கிளப்பில் வேலை பார்த்தேன். முதலாளி பெங்களூர் போனவர் திரும்பி வரும்போது ஒரு கிராமபோன் பெட்டியும் ஏழு பாட்டுப் பிளேட்டுகளும் கொண்டு வந்தார். பாட்டுக் கேட்டால் ஜனங்கள் அதிகம் சாப்பிடுவார்கள் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். மறுநாளிலிருந்து கூட்டம் கூடியது உண்மை.

எங்கள் சமையல்காரர் மாதப்பனுக்கு அதுதான் பிடிக்கவில்லை. அவர் தோசைக்காகவே கிருஷ்ணகிரி பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் உண்டு. அவர் போனால் கடையை மூட வேண்டியதுதான். ஒரு நாள் கரண்டியோடு வெளியே வந்து முதலாளியிடம், "கூட்டம் பெட்டிக்கு வருதா, என் கைக்கு வருதான்னு எனக்குத் தெரியணுங்க. பெட்டிக்குத்தான்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்றார். முதலாளி பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். "நீதான் எப்பவும் எலையவே பாத்துட்டு நிக்கறயே, நீயே பாத்துச் சொல்லுப்பா!"

சாவி தீர்ந்த பாட்டு

அன்று முதல் ஒரு காது பெட்டியில், ஒரு கண் இலையில். முதலில் கண்டுபிடித்தது இது: தவில் அடிக்கிற பிளேட்டைப் போட்டால் வாய்கள் வேகமாக அசையும். நின்று நிதானமாகப் பாடுகிற பிளேட்டில் ஒரே இட்லியைப் பத்தாகப் பிட்டு, ஒவ்வொன்றையும் சட்னியில் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். சாப்பிடுகிறவர் ஒருவரும் இதை அறியவில்லை.

பெட்டிக்குச் சாவி கொடுத்தது தீர்ந்தால் பாட்டு இழுக்கத் தொடங்கும். ஒரு காலை, பாட்டு இழுக்க இழுக்க ஒரு வரிசை முழுவதும் மெல்லுவது குறைந்துகொண்டே வந்தது. பாட்டு நின்றபோது கைகளும் நின்றன. கடைசியில் உட்கார்ந்திருந்த வெற்றிலை வியாபாரி வாயில் பொங்கலோடு நிமிர்ந்து, "ஏனுங்க, பாட்டு படுத்துக்கிச்சே! சாவி குடுங்க, பொங்கல் எறங்க மாட்டீங்குது" என்றார்.

கசந்த காபி

சர்க்கரை கிடைக்காத நாட்கள். காபிக்கு வெல்லம்தான், அதுவும் அளந்துதான். பெட்ரோல் கிடைக்காமல் கரி வண்டியாக மாறியிருந்த பஸ் எங்கள் கடை எதிரே நின்று, கரியைக் கிளறிப் புகையைக் கிளப்பி முடிக்கும்வரை கண்டக்டர் எங்களிடம் காபி குடிப்பார். ஒரு நாள், ஒரு அம்மாள் தாலாட்டு மாதிரி பாடுகிற பிளேட்டு ஓடியது. "இன்னிக்கு இனிப்புத் தூக்கல்!" என்று கண்டக்டர் மெச்சிக்கொண்டே போனார். மறுநாள் கனத்த குரலில் ஒரு ஆண் பாடிய பிளேட்டு. ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார்.

வெல்லம் போட்டவன் நான். இரண்டு நாளும் ஒரே அளவு, ஒரே டிக்காஷன், ஒரே எருமைப் பால். கண்டக்டர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "இந்த ஆளு பாடற காப்பி வேண்டாமுங்க, கசக்குது. நேத்து அந்தம்மா பாடுச்சில்ல, அந்தக் காப்பியக் கொண்டாங்க."

இட்லியில் இருந்தவர்

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மாதப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த வாரம் வத்தல்மலையிலிருந்து சாமை மூட்டையோடு இறங்கிய ஒரு விவசாயி வந்தார். பெட்டிக்கு நேர் கீழேதான் இடம் கிடைத்தது. தவில் காதைப் பிளக்கிறது; அவர் கை ஒரே சீராகப் போய் வருகிறது. தவிலுக்கு அப்புறம் தாலாட்டு. அப்போதும் அதே சீர். ஒன்பது இட்லி. எனக்கே ஆச்சரியம் தாங்காமல், கூச்சத்தை விட்டுப் பாட்டு எப்படி என்று கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "பாட்டா? எப்பங்க பாடுச்சு? நான் இட்லியிலல்ல இருந்தேன்!"

மாதப்பன் அடுப்பங்கரையிலிருந்தே சிரித்தார். இனிப் போகமாட்டார் என்று நினைத்தேன்.

சந்தையன்று நடந்தது

அடுத்த சந்தை நாள். பெஞ்சுகள் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நிற்கிறார்கள். எல்லார் இலையிலும் அப்போதுதான் தோசை விழுந்திருந்தது. நல்ல நாளாயிற்றே என்று முதலாளி, அதுவரை போடாத பிளேட்டு ஒன்றை எடுத்து வைத்தார். அது மங்களம்.

எங்கள் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்துப் பழகிய ஜனம். மங்களம் பாடினால் கூத்து முடிந்தது. துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். முதல் அடி காதில் விழுந்ததும் ஒருவர் எழுந்தார். பார்த்தவர் எழுந்தார். பெஞ்சே எழுந்தது. கை கழுவிய பிறகுதான் அவர்களுக்கே விழிப்பு வந்தது. எழுந்த இலையில் மறுபடி உட்காருகிற வழக்கமும் இல்லை. தெருவில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாதப்பன் எட்டிப் பார்த்தார். இலைக்கு இலை பாதித் தோசை. அவர் காதில் மங்களம் விழவில்லை, கண்ணில் தோசைதான் பட்டது. கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார். எனக்கு நடந்தது தெரியும். நாலு பேர் எதிரில் சொல்லத்தான் வரவில்லை. ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான் முடிந்தது.

ஈரக் கையோடு நின்ற மாட்டுத் தரகர் ஒருவர் அவர் குறுக்கே வந்தார். "எங்க போறீங்க மாதண்ணா? நாங்க எந்திரிச்சது பாட்டுக்குங்க. வயிறு இன்னும் பெஞ்சு மேலதான் உக்காந்திருக்குது. போயிப் புது எலை போடச் சொல்லுங்க!"

மாதப்பன் தெருவில் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து சட்டையைக் கழற்றினார். பெட்டியிலிருந்த மங்களப் பிளேட்டைத் தானே எடுத்து, சட்னிச் சட்டிக்கு மூடியாகக் கவிழ்த்தார். "பொட்டி இருந்துட்டுப் போகட்டுங்க. இது மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

பாட்டு மனிதரை அதிகம் சாப்பிட வைக்குமா என்று பிறகு முதலாளி கேட்டதற்கு, பாதியில் எழுந்திருக்க வைக்கும் என்பதுவரைதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.