கஞ்சி போட்ட புடவையும் நீல போட்டும்

என் மனைவியின் தங்கை நான்கு வருடம் புடவைக்குக் கஞ்சி போடவில்லை. காரணம் நான். முப்பத்து நான்கு வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன், ஓய்வுபெற்ற பிறகு ஒரே ஒரு பிற்பகலில் பொய்யான வேதியியல் சொன்னேன்.

கொழுந்தியாளின் கணவர், அதாவது என் சகலை, விக்கிரமங்கலம் பக்கம் ஓர் ஏரியை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். தீவனம் போட, வலை வளைக்க என்று நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து பழைய ஃபைபர் போட் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வரும்போது நல்ல நீலம். எங்கள் பக்கத்து வெயில் ஒரு கோடைதான் காய்ந்தது. நீலம் வெளுத்து, கையால் தடவினால் விபூதி மாதிரி தூள் ஒட்ட ஆரம்பித்தது.

"சகல, இதுக்கு என்னா பண்ணலாம்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க" என்றார். அந்த "படிச்சவங்க"தான் என்னைக் கெடுத்தது.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். வெளுத்த தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே மெழுகு பூச வேண்டும். மெழுகு வெயிலையும் தண்ணீரையும் தடுக்கும். எந்த மெழுகு என்பதுதான் கேள்வி. தரைக்குப் போடும் சிவப்பு மெழுகு உதவாது. மெழுகுவத்தியை மண்ணெண்ணெயில் கரைத்துப் பூசலாம் என்று ஏரிக்கரையில் ஒருவர் சொன்ன யோசனையை நான் சிரித்தே கொன்றேன். நான் குடியிருக்கும் பெரம்பலூரிலேயே, பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் சாமான் விற்கும் கடைக்குப் போனேன்.

"எந்த வண்டிக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"போட்டுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடிதண்ணியே வாரத்துக்கு ரெண்டு நாளுதான் வருது. போட்டு எங்க சார் ஓட்டுறீங்க?"

அவர் நீட்டிய பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அதில் தேய்க்கிற பொடி கலந்திருந்தது; பளபளப்பு வரும், பாதுகாப்பு இருக்காது. கெட்டியான பசைமெழுகு வட்ட டப்பாவில் இருந்தது. அதைக் கையில் எடுத்து, இது பிரேசில் நாட்டுப் பனை ஓலையில் படியும் மெழுகு, மெழுகுகளிலேயே கடினமானது, உருகுநிலை அதிகம் என்று கடைக்காரருக்குப் பாடம் நடத்தினேன். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"பனைதானே சார்? பாடாலூர் தாண்டுனா நம்மகிட்டயே வரிசையா நிக்குது. அதுல ஒண்ணும் ஒழுகலியே" என்றார் அவர்.

அரியலூர் பஸ்ஸில் டப்பாவின் பின்பக்கத்தை இரண்டு முறை படித்தேன். நிழலில் பூசவும். மெல்லிதாகப் பூசவும். இரண்டடி பூசி, காய்ந்து வெளுத்ததும் மென்மையான துணியால் துடைத்துவிட்டு அடுத்த இரண்டடிக்குப் போகவும். ஒரு பிள்ளைக்குக்கூடப் புரியும்.

போய்ச் சேர்ந்தபோது போட் கரைமேல், சாலை ஓரமாகக் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. சகலை அதைக் கழுவித் தேய்த்துத் தயாராக வைத்திருந்தார். கூட்டம் கூடியிருந்தது. ஆடு மேய்ப்பவர், டீக்கடைக்காரர், பஸ்ஸை விட்டுவிட்ட ஒரு தம்பதி. கூட்டம் பார்த்தால் எனக்குக் கரும்பலகை ஞாபகம் வந்துவிடும். இரண்டடி இரண்டடியாகச் செய்தால் யார் நின்று பார்ப்பார்கள்? உச்சி வெயிலில், மூன்று விரல்களால் அள்ளி அள்ளி, முழுப் போட்டுக்கும் பூசினேன். தோசைக்கல்லில் மாவு இழுப்பதுபோல வட்டமாக இழுத்தேன்.

"சகல, கொஞ்சம் கொஞ்சமா பூசணும்னு டப்பால எழுதியிருக்குன்னு சொன்னீங்களே?" என்றார் சகலை.

"அது கெமிஸ்ட்ரி தெரியாதவங்களுக்கு எழுதுனது" என்றேன்.

அப்புறம் சாப்பிடப் போனோம். கொழுந்தியாள் விரால் குழம்பு வைத்திருந்தாள். கால் மணி நேரம் சாயலாம் என்று படுத்தவன் எழுந்தபோது மணி நான்கு.

ஏரிக்கரைச் சாலை சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் போகும் வழி. நான் குறட்டை விட்ட நேரத்தில் எத்தனை லாரி போயிற்றோ, அத்தனை லாரியின் புழுதியும் ஈர மெழுகில் உட்கார்ந்து, வெயிலில் அதோடு சேர்ந்து இறுகியிருந்தது. போட்டு நீலமாகவும் இல்லை, வெள்ளையாகவும் இல்லை. பூச்சு வேலை முடிந்த காம்பவுண்டு சுவர்போல இருந்தது.

துடைக்கத் துணி கேட்டேன். கொழுந்தியாள் தன் பழைய பருத்தி வாயில் புடவை ஒன்றைக் கொண்டுவந்தாள். இங்கே அவள் புடவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சோற்றுக் கஞ்சியை வடிகட்டி, அளவு பார்த்து, அவள் போடுகிற கஞ்சிக்கு உறவில் பெரிய பெயர். புடவை தகடாக நிற்கும். அவள் திரும்பி அரை நொடி கழித்துத்தான் புடவை திரும்பும். கல்யாண வீடுகளில் தூரத்திலிருந்தே சத்தத்தை வைத்து அவள் வருவதைச் சொல்வார்கள்.

அந்தப் புடவையால் தேய்த்தோம். மெழுகு வரவில்லை. அழுத்தித் தேய்த்தோம். புழுதி உப்புத்தாள்போல நீலத்தைக் கீறிக்கொண்டு போயிற்று.

"என்னாங்க இது, மாட்டுத் தொட்டியா?" என்றார் டீக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னா சகல ஆச்சு?" என்று சகலை என் முகத்தைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

நான் புடவை முனையை எடுத்து மோந்து பார்த்தேன். "கஞ்சி" என்றேன். "ஸ்டார்ச்சு. மெழுகோட சேர்ந்தா இறுகிடும். கஞ்சி போட்ட துணியைக் கொடுத்தா என்ன பண்றது?"

கொழுந்தியாள் டீ சொம்போடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். சொம்பை வைத்துவிட்டு, அந்தப் புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்றோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். என் சகலை நல்ல மனிதர். என்னைப் பற்றிப் பெருமை பேசுவது அவருக்குப் பிடிக்கும். போகிற விசேஷம் எல்லாவற்றிலும் இந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னார். "மோந்து பாத்தே சொல்லிட்டாரு!" ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், என் பழைய மாணவன், இப்போது அவனும் வேதியியல் ஆசிரியன், பக்கத்தில் உட்கார்ந்து பணிவாகக் கேட்டான்: "சார், அது என்ன ரியாக்‌ஷன் சார்?"

"பாயசம் ஆறுது, சாப்பிடு" என்றேன்.

அந்தப் பந்தியில் எதிர் வரிசையில் கொழுந்தியாள் இருந்தாள். துவண்ட புடவையில், சத்தமே இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தாள். என் மனைவி கேட்டதற்கு, "எதுக்குக்கா கஞ்சி? ஒரு போட்டு போனது போதாதா?" என்றாளாம். இதை என் மனைவி என்னிடம் சொன்னாள். நான் செய்தித்தாளைப் புரட்டினேன்.

இந்த வருடம் ஏரி வற்றியதும் போட்டைக் கரையேற்றிவிட்டு சகலை கூப்பிட்டார். "ஒருக்கா திரும்ப வேக்ஸ் போட்டுப் பாத்துருவோம், வாங்க சகல." போனேன். கொழுந்தியாள் ஒரு துணியை எடுத்து வந்தாள்.

"மூணு தடவ வெந்நீருல அலசிட்டேன் மாமா. கஞ்சி துளி இல்ல. மோந்து பாருங்க."

என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கிண்டல் இல்லை. பயந்துகொண்டே நீட்டினாள். அறுபத்தெட்டு வயதில் ஒரு பழந்துணியின் முன்னால் எனக்குக் கண் கலங்கியது.

"கஞ்சியால ஒண்ணும் ஆகல" என்றேன். "நான் வெயில்ல மொத்தமா பூசிட்டுத் தூங்கிட்டேன். லாரிப் புழுதி ஒட்டிக்கிச்சு. எனக்கு அப்பவே தெரியும். நாலு பேரு சிரிச்சாங்கன்னு உன் மேல போட்டுட்டேன்."

கொழுந்தியாள் நீட்டிய துணியை மெல்ல இறக்கினாள். சகலை சிரித்தார். "அவ மனசு கஷ்டப்படுதேன்னு சொல்றீங்க. எனக்குத் தெரியாதா? கஞ்சிதான் சகல. நான் எத்தன பேருகிட்ட வெளக்கியிருக்கேன்!"

"இல்ல சகல, பொய் சொன்னேன்."

"நீங்க பொய் சொல்ற ஆளா?"

இதற்குக் கொழுந்தியாளிடம் பதில் இருந்தது. உள்ளே போனாள். அன்றைய சோற்றை வடித்த கஞ்சியில் அந்தத் துணியை முக்கிப் பிழிந்து கொடியில் போட்டாள். வெயிலில் ஒரு மணி நேரத்தில் அது அப்பளமாக விறைத்தது. மடித்தபோது சத்தம் கேட்டது.

"இதாலயே தொடைங்க மாமா. அவரு பாக்கட்டும்."

போட்டைச் சாலையிலிருந்து தள்ளி, வேப்பமரத்தடிக்கு இழுத்தோம். பழைய கீறல்களை முதலில் தேய்த்து எடுத்தேன். பிறகு இரண்டடி, மெல்லிதாக. வெளுக்கும்வரை சும்மா நின்றேன். ஆசிரியனுக்குச் சும்மா நிற்பது கஷ்டம். பிறகு அந்த விறைத்த துணியால் துடைத்தேன். கை சிவந்துவிட்டது, கஞ்சித் துணி மென்மையான துணி இல்லை என்பது மட்டும் உண்மை. மாலைக்குள் முழுப் போட்டும் முடிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த நாளின் நீலம்.

கொழுந்தியாள் அருகே வந்து குனிந்து, அதில் தெரிந்த தன் நிழலைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். "பாத்தீங்கல்ல?" என்றாள் கணவரிடம்.

சகலை ஒரு விரலால் போட்டைத் தடவினார். துணியை வாங்கி, நான் அன்று செய்த மாதிரியே மோந்து பார்த்தார்.

"கஞ்சி இன்னிக்குக் கொஞ்சம் தண்ணியா போயிருச்சு" என்றார். "அதான் ஒண்ணும் ஆகல."

போன வாரம் அரியலூரில் ஒரு வளைகாப்பு. நானும் மனைவியும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, யாரென்று தெரியும்.