என் மனைவியோடு ஒரு விசாக் கல்யாணம்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை. தாய்லாந்து விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். பெயர், பாஸ்போர்ட், புகைப்படம் எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன விஷயம் கேட்டார்கள்: திருமணச் சான்றிதழ்.

அதற்கென்ன... என்று எழுந்து அலமாரியைத் திறந்தேன். கல்யாண ஆல்பம் இருந்தது. கல்யாண டிவிடி இருந்தது - அதில் வீடியோக்காரர் என் தலையைச் சுற்றி ரோஜாப்பூ பறக்கவிட்டிருக்கிறார். கூறைச் சேலை இருந்தது. எனக்குக் கட்டிய தலைப்பாகைகூட ஒரு பையில் பத்திரமாக இருந்தது. சான்றிதழ் மட்டும் இல்லை.

தொலைந்துபோகவில்லை. நாங்கள் அதை எடுக்கவே இல்லை!

இந்தப் பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் மனைவி நொய்யைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டனில் பல பப்களின் பின்பக்கம் ஒரு தாய் சமையலறை இருக்கும். முன்னால் வெள்ளைக்காரர்கள் பியரோடு கால்பந்து பார்ப்பார்கள். பின்னால் ஒரு தாய்லாந்துப் பெண் உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு சமையலறையில் நொய் தலைமைச் சமையல்காரி. நான் பாத்திரம் கழுவுபவன். அவள் கத்துவாள், நான் கழுவுவேன். இதைத்தான் பிற்காலத்தில் காதல் என்று பெயர் மாற்றிக்கொண்டோம்.

அவள் வேலை விசாவில் வந்து, தன் பாட்டிலேயே நிரந்தர வதிவிட அனுமதி எடுத்தவள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். கொழும்பு, மாஸ்கோ, ஒரு லொறியின் உட்புறம், ஜெர்மனி, பிரான்ஸ் என்று சுற்றி இங்கே வந்து, அகதியாக இருந்து பிரஜையானவன். ஒருவருடைய பேப்பர் மற்றவருக்குத் தேவைப்படவே இல்லை. லண்டன் தமிழர் மத்தியில் உண்மைக் காதலுக்கு இதைவிட வேறு அத்தாட்சி உண்டா?

லண்டன் டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலே இருந்த மண்டபத்தில் கல்யாணம். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் பதிவுத் திருமணத்துக்கு ‘எழுத்து’ என்று பெயர். முதலில் எழுத்து, பிறகு தாலி - அதுதான் ஒழுங்கு. ஐயரும் ஒழுங்கானவர். மணவறையில் உட்காரும் முன்னரே கேட்டார்: “எழுத்து முடிஞ்சுதோ?”

நான் வாயைத் திறப்பதற்குள் குலம் அண்ணை பதில் சொல்லிவிட்டார்.

“ஓம் ஐயா, அதெல்லாம் முடிஞ்சுது. நீங்கள் நேரம் பிந்தாமல் தொடங்குங்கோ.”

குலம் அண்ணை பக்கத்து ஊரான மிச்சம் என்ற இடத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். மரக்கறி விற்பது அவருக்குப் பகுதி நேர வேலை. முழு நேர வேலை ஆலோசனை. அன்று என் காதில், “அடுத்த கிழமை எழுதலாமடா” என்றார். அந்த அடுத்த கிழமை வருவதற்குப் பதினெட்டு வருடம் பிடித்தது.

சரி, இப்போது ஏன் விசா? நொய் வேலை செய்த பப்பை விற்றுவிட்டார்கள். அங்கே அடுக்குமாடி வரப்போகிறது. “இனி இன்னொருத்தன்ர அடுப்பிலை நான் சமைக்கமாட்டன்” என்று அவள் சொல்லிவிட்டாள். அவளுடைய ஊர் உபோன், லாவோஸ் எல்லைப் பக்கம். சந்தைக்கு எதிரே ஒரு சின்னக் கடை பேசி முடித்து, விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். நானும் போவதாக ஏற்பாடு.

சுற்றுலாப் பயணியாகவும் போகலாம். ஆனால் சுற்றுலாப் பயணி கொஞ்ச நாளில் வெளியே போய்விட வேண்டும். மனைவி கடையில் சூப் கொதித்துக்கொண்டிருக்கும், கணவன் எல்லையில் முத்திரைக்கு வரிசையில் நின்றுகொண்டிருப்பான். எல்லை தாண்டுகிற வேலையை நான் தேவைக்கு அதிகமாகவே செய்துவிட்டேன். ஆகவே, ‘தாய்லாந்துப் பிரஜையின் துணைவர்’ என்ற கௌரவமான வகையில் விண்ணப்பம்.

சான்றிதழ் இல்லை என்றதும் யாரிடம் ஓடினேன்? அதே குலம் அண்ணையிடம்தான். பள்ளத்தில் தள்ளிவிட்டவரிடமே ஏணி கேட்கும் இனம் நாங்கள்.

“உது ஒரு பிரச்சினையே? ஐயர் தாலி எடுத்துத் தாற போட்டோ இருக்கெல்லே. அதை அனுப்பு. தாலியையும் ஸ்கான் பண்ணி அனுப்பு.”

“தாலியை எப்பிடி அண்ணை ஸ்கான் பண்ணுறது?”

“குப்புறப் போட்டு மூடியைச் சாத்தடா!”

உடனே ஒத்துக்கொண்டேன். அகதி வழக்கு நடத்திய எல்லோருக்கும் ஒரு நோய் உண்டு. அதிகாரி ஒரு பேப்பர் கேட்டால் நூறு பேப்பர் கொடுப்போம். வழக்கு வெல்வது உண்மையால் அல்ல, கட்டின் கனத்தால் என்று நம்புகிறவர்கள் நாங்கள். ஆல்பத்தில் பாதி, தண்ணீர் பில், கவுன்சில் டாக்ஸ், நாங்கள் பிரைட்டன் கடற்கரையில் குளிரில் நடுங்கும் படம், “இவர்கள் நல்ல தம்பதி” என்று குலம் அண்ணை கடை லெட்டர்ஹெட்டில் எழுதிய கடிதம் - எல்லாம் அனுப்பினேன். தாலியின் ஸ்கானும் போனது. கறுப்புப் பின்னணியில் அது ஏதோ எக்ஸ்ரே மாதிரி இருந்தது.

மரியாதையான பதில் வந்தது. தயவுசெய்து திருமணச் சான்றிதழை அனுப்பவும்.

அவர்களைக் குறை சொல்ல முடியுமா? கேட்டது ஒரே ஒரு தாள். அனுப்பியது ஒரு குடும்ப வரலாறு.

ஆகவே அன்று மாலை சமையலறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். “நொய், நாங்கள் கலியாணம் கட்ட வேணும்.”

நொய் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவாள். குலம் அண்ணையின் கடையில் வரிசையில் நின்றே கற்றுக்கொண்டது. ஆகவே பேரம் பேசும்போது மிகச் சுத்தமாக வரும்.

“கட்டினதுதானே?”

“அது கணக்கில்லையாம். விசாவுக்கு எழுத்து வேணும்.”

அவள் அடுப்பைத் தணித்தாள். அது நல்ல அறிகுறி அல்ல.

“அப்ப விசாவுக்காக என்னைக் கலியாணம் கட்டப் போறீங்கள்?”

“அப்பிடியில்லை...”

“விசாவுக்குக் கலியாணம் கட்டுற ஆக்களைப் பற்றி நீங்கள்தானே பேப்பரிலை பகிடியா எழுதினனீங்கள்? எல்லாரும் சிரிச்சவை.”

எழுதியது உண்மை. இதே பத்தியில்தான். வாசகர்கள் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டார்கள். நன்றி!

“நான் மாட்டன்” என்று சொல்லிவிட்டு அவள் மீண்டும் அடுப்பைக் கூட்டினாள்.

பகிடி என்றுதான் நினைத்தேன். இல்லை. அடுத்த நாளும் மாட்டன். அதற்கடுத்த நாளும் மாட்டன். டிக்கெட் இருக்கிறது, பெட்டி பாதி அடுக்கியாயிற்று, அவளுடைய கடைக்கு மேசை கதிரை வாங்கியாயிற்று. கணவன் மட்டும் இன்னும் நிச்சயமாகவில்லை. பதினெட்டு வருடம் கூட இருந்த பெண்ணிடம் கல்யாணத்துக்குக் கேட்டு நிராகரிக்கப்பட்ட ஆண் லண்டனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வார இறுதியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் போன். தாய் மொழியில் ஏதோ வாசித்துவிட்டுச் சொன்னாள்.

“முதல் மூண்டு மாசம்தான் தருவினமாம். பிறகு அங்கை ஒரு வருஷம் எடுக்கலாம். வருஷா வருஷம் புதுப்பிக்க வேணும். ஒவ்வொரு முறையும் நான் கூட வந்து, இவர் என்ர புருஷன்தான், என்னோடைதான் இருக்கிறார் எண்டு சொல்ல வேணும்.”

“சொல்லமாட்டியே?”

அவள் சிரிக்கவில்லை.

“நீங்கள் எத்தினை நாட்டிலை இருந்தனீங்கள்? ஒரு நாட்டுக்காவது போயிட்டு வாறன் எண்டு சொன்னனீங்களே? காலமை எழும்பிப் பாத்தால் ஆள் இல்லை. பாரிஸ் ரூமிலை சட்டை காயப்போட்டபடியே விட்டிட்டு வந்தன் எண்டு நீங்கள்தான் பெருமையாச் சொல்லுவீங்கள். லண்டன் பெரிய ஊர், போனாலும் ஒருத்தருக்கும் தெரியாது. உபோன் சின்ன ஊர். அங்கை எல்லாருக்கும் முன்னாலை இவர் என்ர ஆள் எண்டு நான் கையெழுத்து வைக்க வேணும். பிறகு நீங்கள் காணாமல் போனால்?”

பேச்சுக்குப் பேச்சு விடுவதுதான் என் தொழில். வாரா வாரம் அதற்குத்தான் சம்பளம். அன்று உருளைக்கிழங்கை மட்டும் சீவினேன். எழும்பிப் போவது எனக்குப் பழக்கம் என்பது உண்மைதானே? பல ஊர்களில் போகவேண்டி வந்தது, போனேன். சில ஊர்களில் போகத் தேவையில்லை... அப்படியும் போனேன்.

கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன். “முழங்கால் ஏலாது நொய். இனி எங்கையும் ஓட ஏலாது.”

அவள் குனிந்து என் முழங்காலைப் பார்த்தாள். ஒரு சமையல்காரி சந்தையில் மீனைப் பார்ப்பது போல.

“உங்களை நம்ப ஏலாது” என்றாள். “உங்கட முழங்காலை நம்பலாம். எழுத்துக்குக் கவுன்சிலுக்குப் போன் அடியுங்கோ.”

இப்படியாக என் கல்யாணம் நிச்சயமானது. ஜாதகம் பார்க்கவில்லை. முழங்கால் பார்த்தார்கள்.

திருமணப் பதிவுக்கு முன்னர் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு விசாரிப்பார்கள். போலிக் கல்யாணமா என்று பார்க்க வேண்டாமா? நொய் முதலில் போனாள். வெகுநேரம் வரவில்லை. வெளியே நான் பழைய அகதி நேர்காணலில் வேர்த்தது போலவே வேர்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்த குலம் அண்ணை தைரியம் சொன்னார்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூட ஒண்டும் சொல்லாதை. அவள் எந்தப் பக்கம் படுக்கிறவள் எண்டு தெரியுமோ?”

“சுவர்ப் பக்கம்.”

“இப்ப மாத்திப் படுத்தால்?”

“அண்ணை, தயவுசெய்து வாயை மூடுங்கோ.”

என் முறை வந்தது. உள்ளே ஒரு பதிவாளர் அம்மையார். மூக்கு நுனியில் கண்ணாடி.

“மணப்பெண்ணின் முழுப் பெயர்?”

நொய் என்பது செல்லப்பெயர். தாய்லாந்தில் எல்லோருக்கும் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் அவள் கண்யாரத். அதற்குப் பின்னால் வருகிற குடும்பப் பெயர் ஒரு கூட்ஸ் வண்டி. எஞ்சின் ஒழுங்காகப் போனது, மூன்றாம் பெட்டியில் தடம் புரண்டேன். அம்மையார் ஏதோ குறித்துக்கொண்டார்.

“இதற்கு முன் திருமணம் செய்திருக்கிறீர்களா?”

“ஓம்... சட்டப்படி இல்லை... ஆனால் ஓம்.”

“யாரை?”

“இதே மணப்பெண்ணைத்தான்.”

பேனா நின்றது. ஐயர், மண்டபம், அடுத்த கிழமை என்று கதை முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“பதினெட்டு வருடம் கழித்து, இப்போது ஏன்?”

குலம் அண்ணை வெளியே இருந்தார். ஆகவே உண்மை சொல்ல முடிந்தது. “விசாவுக்கு.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். நான் அவசரமாகச் சொன்னேன்: “தாய்லாந்து விசா. நான்தான் அங்கே போகிறேன்.”

“அதாவது... நீங்கள் பிரிட்டனை விட்டுப் போவதற்காகத் திருமணம் செய்கிறீர்கள்?”

“ஓம்.”

அவர் முகம் மலர்ந்தது. “இங்கே நுழைவதற்காகச் செய்பவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. வெளியே போவதற்காக என்றால்... மனமார்ந்த வாழ்த்துகள்!”

ட்ராமில் திரும்பும்போது நொய்யிடம் கேட்டேன். “உன்னட்டையும் ஏன் இப்ப எண்டு கேட்டவவோ?”

“ஓம்.”

“என்ன சொன்னனீ?”

“அவர் இந்த முறை போகேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போறார் எண்டு சொன்னன்.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நல்லாப் பொய் சொன்னன், என்ன? கூட்டிக்கொண்டு போறது நான்.”

நோட்டீஸ் போட்டுக் காத்திருக்க வேண்டிய காலம் முடிந்து கல்யாணம் நடந்தது. சாட்சிகளில் ஒருவர் குலம் அண்ணை. கையெழுத்துப் போட்டுவிட்டு, “நான் அப்பவே சொன்னனான், எழுதினால் நல்லதெண்டு” என்றார். அதற்குள் செய்தி டூட்டிங் முழுக்கப் பரவிவிட்டது. இவ்வளவு காலமும் இவர்கள் ‘சும்மா’ இருந்தவர்களாம்! முதல் கல்யாணத்துக்கு வந்து மூன்று தரம் பாயாசம் வாங்கியவர்கள்தான் அதிகம் அதிர்ச்சி அடைந்தார்கள். கடையில் ஒருவர் நேரடியாகவே கேட்டார்: “அப்ப அண்டைக்கு நாங்கள் வந்து சாப்பிட்டது என்ன சாப்பாடு?”

ஒற்றைத் தாளை அனுப்பினேன். கட்டு இல்லை, ஆல்பம் இல்லை, எக்ஸ்ரே இல்லை. விசா வந்துவிட்டது. மூன்று மாதம். நொய் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தாள்.

“மூண்டு மாசம் பாப்பம்” என்றாள். “ஒழுங்கா இருந்தால் ஒரு வருஷத்துக்கு நான் கையெழுத்து வைக்கிறன்.”

யோசித்துப் பாருங்கள். எங்கள் ஆண்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தால் எப்படி இருக்கும்? வருடத்துக்கு ஒரு முறை மனைவி அலுவலகத்துக்கு வர வேண்டும். ‘இந்த ஆள் இன்னும் எனக்கு வேணும்’ என்று சொல்ல வேண்டும். எத்தனை வீட்டில் புதுப்பிப்பார்கள்?

நானோ ஒரு பேப்பரும் இல்லாமல் அவளிடம் பதினெட்டு வருடம் ஓவர்ஸ்டே பண்ணியிருக்கிறேன்... டிப்போர்ட் பண்ணாமல் விட்டதற்கு ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாம்!