கொட்டக்குடி ஆற்று மணலில் ஒரு நிலா வண்டி

சாராள் அக்கா இறந்துவிட்டார். இன்று காலை அவருடைய அண்ணன் மகள் போனில் சொன்னாள். தூக்கத்திலேயே...

எண்பதுகளின் தொடக்கத்தில், தேனி பக்கம் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் புதிதாகச் சேர்ந்த ஆபரேட்டர், இருபத்திரண்டு வயது. அவர் பத்து வருடம் சீனியர்.

சொந்த விஷயங்களை இங்கே எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் காலையிலிருந்து அக்காவை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா நிலாவில் ஓடும் வண்டி செய்வார்.

மாடல்தான். ஆனால் அது மணலில், கல்லில், மேட்டில் ஓட வேண்டும் என்பது அவர் தனக்கே வைத்துக்கொண்ட விதி. ருஷ்யாக்காரர்கள் நிலாவில் இறக்கிய லூனகோத் வண்டியின் படம் ஒன்று, ஏதோ பத்திரிகையில் வந்தது, எப்போதும் அவர் டிபன் பைக்குள் இருக்கும். படத்தில் ஒரு பக்கம்தான் தெரியும். நாலு சக்கரம்.

"அந்தப் பக்கமும் நாலுதானாக்கா? மூணா இருந்தா?"

"மூணா இருந்தா வட்டமடிச்சு கெளம்புன எடத்துக்கே வந்துருமேத்தா. அம்புட்டுச் செலவு பண்ணி அனுப்புனவுக அதைக்கூடவா பாக்க மாட்டாக?"

உடம்புக்கு மூடி போட்ட ஓர் அலுமினியச் சட்டி. ரிப்பேர் கடையில் பிடித்த டேப் ரெக்கார்டர் மோட்டார் இரண்டு. டார்ச் செல்களிலிருந்து நீளமான வயர் வழியாகக் கரண்ட் போகும். நாங்கள் நாள் முழுக்க லைன் கொடுக்க போர்டில் செருகி உருவும் அதே மாதிரி பிளக், கழித்துப் போட்டதில் ஒன்று. செருகினால் வண்டி ஓடும், உருவினால் நிற்கும்.

சக்கரம்தான் அமையவில்லை. பவுடர் டப்பா மூடி மாட்டிப் பார்த்தார்... மணலில் குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. படத்தில் இருப்பது கம்பி வலைச் சக்கரம். ஒருநாள் டூட்டி முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போய் எட்டு டீ வடிகட்டி கேட்டார்.

கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "எட்டா? டீக்கடை வைக்கப் போறீகளா?"

"இல்லண்ணே. நெலாவுக்கு."

"அப்ப எவர்சில்வராவே எடுத்துக்கங்க. அங்கன போயி துருப்பிடிச்சா மாத்த முடியாதுல்ல."

இதெல்லாம் நடந்தது எக்ஸ்சேஞ்சின் பின்பக்கம், பழைய சாமான் போடும் ஒரு சின்ன அறையில். அக்கா அண்ணன் குடும்பத்தோடு ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தார். அங்கே ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைக்கக்கூட மூலை கிடையாது. இந்த அறை போனால் வண்டியும் போச்சு.

அதற்கே சூப்பர்வைசர் சார் வேட்டு வைத்தார். ரெஜிஸ்டர்களை அடுக்க இடம் வேண்டுமாம்.

"ஏம்மா சாராள், கவர்மெண்ட் ரூம்ல நீங்க சட்டிக்குச் சக்கரம் மாட்டிக்கிட்டு இருக்கீகன்னு மேல தெரிஞ்சா எனக்கு என்னம்மா மரியாத?"

"ஓடுற வண்டி சார் அது."

"எங்கன ஓடுது? மேசை மேலயா?"

கடைசியில் பேசி முடித்தது இது. ஞாயிற்றுக்கிழமை, அக்கா சர்ச் முடித்து வந்ததும், வறண்டு கிடந்த கொட்டக்குடி ஆறு. இருபதடி தள்ளி ஒரு மணல் மேட்டின் உச்சியில் சார் தன் செருப்பைக் கழற்றி வைப்பார். ஐந்து நிமிடத்துக்குள் வண்டி போய் அதைத் தொட்டால் அறை அக்காவுக்கு. இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலி செய்ய வேண்டும். வாட்சைப் பார்த்து நிமிடம் சொல்வது என் வேலை.

வண்டி கிளம்பியது. நத்தை வேகம்... ஆனால் நேராகப் போனது. மணல் அள்ள வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"இதுல மாட்டை எங்கனம்மா பூட்டுறது?"

எட்டு வடிகட்டியும் மணலைச் சலித்துக்கொண்டே மேடேறின. செருப்புக்கு இன்னும் ஒரு முழம்தான்.

நான் சொன்னேன், "த்ரீ மினிட்ஸ்."

அந்தக் காலத்து டிரங்க் கால் தெரியாதவர்களுக்காக... வெளியூர்ப் பேச்சு மூன்று நிமிடக் கணக்கு. நேரம் முடிந்ததும் ஆபரேட்டர் நடுவில் புகுந்து "த்ரீ மினிட்ஸ்" என்பார். நீட்டிக்கச் சொல்லாவிட்டால் பிளக்கை உருவிவிடுவார். பத்து வருடமாக அதையே செய்து பழகிய கை.

அக்கா பிளக்கை உருவிவிட்டார்.

வண்டி நின்றது. மெல்லப் பின்னால் சரிந்தது. குட்டிக்கரணம் போட்டு, எட்டு வடிகட்டியும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது.

அக்கா கையிலிருந்த பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

சார் நிதானமாக நடந்து வந்து வண்டியைப் பார்த்தார்.

"ஏம்மா, பார்ட்டி பேசிக்கிட்டு இருக்கையில கட் பண்ணுனா என்னம்மா அர்த்தம்? நீட்டிக்கணுமான்னு ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

நான்தான் கேட்டேன். "நீட்டிக்கணுமா சார்?"

"பின்ன? லைனக் குடுங்க."

வண்டியை நிமிர்த்தி, மூடியை அழுத்தி, மேட்டின் அடியிலிருந்து மறுபடியும். இந்தத் தடவை நான் வாட்சைக் கழற்றி ஹேண்ட்பேகுக்குள் போட்டுவிட்டேன்.

ஏறியது. முன்சக்கரம் போய்ச் செருப்பின் வாரைத் தொட்டது.

சார் சட்டைப் பையிலிருந்து அறைச் சாவியை எடுத்து நீட்டினார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவகிட்ட குடுங்க சார். இன்னும் வயர் இருக்கு."

வண்டி செருப்பின் மேலேயே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, போய்க்கொண்டே இருந்தது. அக்கா அதன் பின்னால். வயரைத் தூக்கிப் பிடித்தபடி நான். டார்ச் செல் பெட்டியைச் சுமந்துகொண்டு, சுடுமணலில் காலை மாற்றி மாற்றி வைத்தபடி, செருப்பில்லாமல் எங்கள் சூப்பர்வைசர் சார்.

போயிட்டு வாங்கக்கா.